யாருடைய படம் என்பது முதலில்: மருத்துவமனைத் துறைகளில் படப்பதிவு முறையைத் திட்டமிடும் வழி

ஒரு மருத்துவமனையில் நோயாளியைப் படம் எடுக்கும் இடங்கள் எவை என்று கேட்டால் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் என்று நான்கைச் சொல்லி நிறுத்துவதுதான் வழக்கம். அதே கட்டடத்தில் ஒரு நாள் முழுவதும் நடந்து பார்த்தால் கண் பிரிவில் விழித்திரைக் கேமரா, எண்டோஸ்கோபி அறையில் வீடியோ, இதயப் பிரிவில் எக்கோவும் ஆஞ்சியோவும், நோய்க்குறியியல் ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் மேல் பொருத்திய கேமரா, தியேட்டரில் லேப்ராஸ்கோபி, பல் பிரிவில் முழுத்தாடை எக்ஸ்ரே, விபத்துப் பிரிவில் கையடக்க அல்ட்ராசவுண்ட், தோல் பிரிவிலும் கட்டுக் கட்டும் அறையிலும் யாரோ ஒருவரின் கைப்பேசி என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். இவற்றுள் முதலில் சொன்ன நான்கில் மட்டும்தான் படம் எடுப்பதற்கு முன்பே நோயாளியின் பெயரும் எண்ணும் கருவிக்குள் வந்து சேர்ந்திருக்கும். மற்ற இடங்களில் முதலில் படம் எடுக்கப்படுகிறது. அது யாருடையது என்பது பிறகு நினைவிலிருந்து எழுதப்படுகிறது. படப்பதிவுத் திட்டம் என்பதன் சாரம், இந்த வரிசையை எல்லாத் துறைகளிலும் நேராக்குவதுதான்.

இதன் முக்கியத்துவத்தை நான் உணர்ந்தது ஒரு கட்டுக் கட்டும் அறையில். சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்த விவசாயி ஒருவருக்கு ஏழு வாரங்கள் தொடர்ந்து கட்டுக் கட்டினார்கள். வாரந்தோறும் செவிலியர் அக்கறையோடு தம் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தார். விரலை எடுத்துவிடுவதா, இன்னும் சில நாள் பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நாளில் அந்தச் செவிலியர் விடுப்பில் இருந்தார். படங்கள் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது எது எந்த வாரத்தது என்று பிரிக்க முடியவில்லை. அவற்றுள் இரண்டு வேறு யாருடைய பாதமோ. ஏழு வார உழைப்பு இருந்தும், புண் ஆறிக்கொண்டு வருகிறதா பெரிதாகிறதா என்ற ஒரு கேள்விக்கு அவற்றால் விடை சொல்ல முடியவில்லை.

திட்டமிடுவோர் செய்ய வேண்டிய முதல் வேலை, மென்பொருள் விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு குறிப்பேட்டுடன் துறை துறையாகச் சென்று நிற்பது. கூட்டம் போட்டு விசாரித்தால் நடைமுறை எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்வார்கள்; நேரில் நின்றால்தான் எப்படி நடக்கிறது என்பது தெரியும். ஒவ்வோர் இடத்திலும் படத்தை எடுப்பவர் யார், எடுக்கச் சொன்னவர் யார், அந்த நேரத்தில் நோயாளியின் ஓ.பி. சீட்டோ கேஸ் ஷீட்டோ அறைக்குள் இருக்கிறதா, கருவியில் பெயரைத் தட்டச்சு செய்கிறார்களா, படம் எங்கே போய்ச் சேர்கிறது, ஒரு மாதம் கழித்து அதைத் தேடுபவர் யார் என்ற ஆறு செய்திகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஓ.பி. கூட்டம் மிகும் திங்கட்கிழமைக் காலையிலும், ஆள் குறைந்த இரவுப் பணியிலும் ஒருமுறையேனும் பார்க்காமல் எழுதிய திட்டம் பாதித் திட்டம் என்பதே என் கருத்து.

இரண்டு வழிகள்

குறிப்பேட்டில் சேர்ந்த துறைகளை இரண்டு வழிகளில் ஒன்றில் வைக்கலாம். முதலாவது கோரிக்கை வழி. மருத்துவர் கணினியில் ஒரு பரிசோதனையைக் கோருகிறார். அந்தக் கோரிக்கைக்கு ஒரு தனி எண் பிறக்கிறது. நோயாளியின் விவரங்களோடு அது கருவியின் வொர்க்லிஸ்ட் திரையில், அதாவது எடுக்க வேண்டிய படங்களின் பட்டியலில், தோன்றுகிறது. ரேடியோகிராபர் பெயரைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். எடுத்த படங்கள் அதே எண்ணுடன், மருத்துவமனையின் படங்களைக் கணினியில் சேர்த்து வைக்கும் பேக்ஸ் சேமிப்பகத்துக்குப் போகின்றன. அறிக்கையும் கட்டணமும் அந்த எண்ணிலேயே ஒட்டிக்கொள்கின்றன. மருத்துவப் படங்களுக்கென 1993 முதல் வழக்கில் உள்ள டைகாம் தரநிலை, கருவி எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் இந்தப் பரிமாற்றத்தைச் சாத்தியமாக்குகிறது. எக்கோ, ஆஞ்சியோ, எண்டோஸ்கோபி, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. போன்று முன்கூட்டியே நேரம் குறித்துச் செய்பவை எல்லாம் இந்த வழிக்குப் பொருந்தும்.

இரண்டாவது வருகை வழி. இங்கே யாரும் படத்தைக் கோருவதில்லை; நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் எடுக்கும் தேவை எழுகிறது. ஆனால் அவர் வந்ததற்கான பதிவு, அதாவது ஓ.பி. வருகை எண்ணோ உள்நோயாளி எண்ணோ, ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே படம் எடுக்கும் செயலியில், கைப்பட்டையில் அல்லது ஓ.பி. சீட்டில் உள்ள பார்கோடை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். பெயர், வயது, வருகை எண், பார்க்கும் மருத்துவர் ஆகியவை திரைக்கு வந்ததும் உடற்பகுதியைத் தேர்ந்தெடுத்துப் படம் எடுக்க வேண்டும். படத்துக்கான எண்ணை மென்பொருள் தானே உருவாக்கிக்கொள்ளும். மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான நெறிமுறைகளை வகுக்கும் ஐ.எச்.இ. அமைப்பு, வருகை சார்ந்த இந்தப் படப்பதிவுக்கென்றே தனி நெறிமுறை ஒன்றையும் தந்திருக்கிறது. மென்பொருள் விற்பவரிடம் அதைப் பின்பற்றுகிறாரா என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

எக்ஸ்ரே பிரிவில் நன்றாக நடக்கும் கோரிக்கை வழியை அப்படியே தோல் பிரிவின் மேல் ஏற்றுவது நான் அதிகம் கண்ட தவறு. ஒரு காலையில் நாற்பது பேரைப் பார்க்கும் தோல் மருத்துவர், ஒவ்வொரு படத்துக்கும் முன்பு கோரிக்கை பதிவிட வேண்டும் என்றால் இரண்டாம் நாளே தம் கைப்பேசியை எடுத்துவிடுவார். அவரைக் குறை கூற இயலாது. பார்கோடு ஸ்கேன், உடற்பகுதி, படம் என்ற மூன்று செயல்களுக்கு மேல் நான்காவது ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால், எந்தக் கட்டாயத்தால் சேர்க்கிறோம் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயரை நம்பி நடத்த முடியாது

கொங்கு நாட்டு மருத்துவமனையில் பெயரும் வயதும் அடையாளமாகப் போதாது என்பதை ஓ.பி. பதிவேட்டின் ஒரு பக்கமே சொல்லிவிடும். பழனிசாமி, வேலுச்சாமி, ராமசாமி, சுப்பிரமணியம் என்ற பெயர்களில் ஒரே காலையில் பலர் வருவார்கள். அவர்களுள் இருவருக்கு ஒரே வயதாகவும் இருக்கும். கருவியில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும்போது ஒருவர் 'சாமி' என்றும் மற்றொருவர் 'ஸ்வாமி' என்றும் எழுதுவதால் ஒரே பழனிசாமி இரண்டு நோயாளிகளாக ஆகிவிடுகிறார். பிறந்த நாள் தெரியாத பெரியவர்களுக்குப் பதிவுக் கவுண்டரில் ஜனவரி 1 என்று போட்டுவிடுவதால் பிறந்த தேதியை வைத்தும் பிரிக்க முடிவதில்லை. திருப்பூரின் பனியன் தொழிலுக்காக வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களின் பெயர்களோ, கேட்பவர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதப்படுகின்றன. ஆதலால் மருத்துவமனையின் நோயாளி எண் ஒன்றே அடையாளம். பெயர் சரிபார்ப்பதற்கு மட்டும். ஆபா எனப்படும் 14 இலக்கச் சுகாதார எண்ணைத் துணை அடையாளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாரிடமும் அது இருக்கும் என்று எண்ணி முதன்மை எண்ணாக வைக்கக் கூடாது.

சிறியதாகத் தோன்றினாலும் பின்னால் பெருந்தொல்லை தரும் ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டைகாம் தரநிலையில் கோரிக்கை எண்ணுக்கு 16 எழுத்துகள்தான் இடம். மருத்துவமனையின் சுருக்கப் பெயர், ஆண்டு, துறை, கிளை என்று எல்லாவற்றையும் கோத்து இருபது எழுத்தில் எண் அமைத்தால், சில கருவிகள் அதை ஏற்க மறுக்கும். சில கருவிகள் கடைசி எழுத்துகளை வெட்டிவிட்டு ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது வகையே ஆபத்தானது, ஏனெனில் வெட்டப்பட்ட பிறகு இரண்டு நோயாளிகளின் எண்கள் ஒன்றாகிவிடக்கூடும். பத்து அல்லது பன்னிரண்டு இலக்கத்தில் பொருளற்ற தொடர் எண்ணாக வைப்பதே நல்லது.

சேலம் – கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய எந்த மருத்துவமனைக்கும் பெயர் சொல்ல இயலாத நிலையில் ஒருவர் கொண்டுவரப்படும் இரவு உண்டு. அவருக்குத் தற்காலிக எண் கொடுத்து, எக்ஸ்ரே, சி.டி., காயத்தின் படம் எல்லாம் எடுத்து முடித்த பின், விடியற்காலையில் உறவினர் வந்து அவருக்கு ஏற்கெனவே ஒரு நோயாளி எண் இருப்பதைச் சொல்வார்கள். இரண்டு எண்களையும் பதிவுக் கவுண்டரில் இணைத்தால் மட்டும் போதாது. அந்த இணைப்புச் செய்தி பேக்ஸுக்கும் காயப் படச் செயலிக்கும் எண்டோஸ்கோபிச் சேமிப்பகத்துக்கும் தானாகச் சென்று, படங்கள் அனைத்தும் ஒரே பெயரின் கீழ் வர வேண்டும். புதிய ஏற்பாட்டைத் தொடங்கும் முன் கட்டாயம் செய்து பார்க்க வேண்டிய ஒரே ஒரு சோதனையைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். "அடையாளம் தெரியாத ஆண்" என்ற ஒரே பெயரை இருவருக்கு வைக்காமல், வந்த தேதியும் நேரமும் பெயரோடு சேரும்படி அமைக்க வேண்டும்.

துறைதோறும் நிற்கும் சிக்கல்கள்

காயம், தீக்காயம், பாதப் புண் ஆகியவற்றின் படங்களுக்கு மதிப்பு வருவதே ஒப்பிட முடிவதால்தான். எனவே எடுக்கும் முறையையும் திட்டத்திலேயே எழுத வேண்டும். முதல் படம் சற்றுத் தள்ளி நின்று, எந்தக் கை, எந்தக் கால் என்பது விளங்கும்படி. இரண்டாவது அருகிலிருந்து, காயத்தின் தளத்திலேயே அளவுகோலை வைத்து, கேமரா செங்குத்தாக இருக்கும்படி. பின்னணியில் தியேட்டரின் பச்சை அல்லது நீலத் துணி போதும். ஈரமான காயத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டால் மேற்பரப்பு வெள்ளையாகத் தெரியும். ஆகவே சன்னலோர வெளிச்சமோ நிலையான விளக்கோ வேண்டும். சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்றக் கூடாது. செயலி இல்லாமல் கேமரா மட்டும் உள்ள இடத்தில், ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் படமாகக் கைப்பட்டையின் பார்கோடையே எடுக்கும் பழக்கம், பிறகு நேரும் குழப்பங்களில் பலவற்றைத் தவிர்க்கும்.

படம் எடுக்கும் கைப்பேசியோ டேப்லெட்டோ மருத்துவமனையின் உடைமையாக இருக்க வேண்டும். செயலி எடுக்கும் படம் கருவியின் கேலரியில் பதியாமலும், இடக்குறிப்புத் தகவல் நீக்கப்பட்டும் நேராகச் சேமிப்பகத்துக்குச் செல்ல வேண்டும். ஈயத் தகடு பதித்த அறைகளிலும் அடித்தளத்திலும் சிக்னல் எட்டாது என்பதால், படத்தைப் பூட்டிய நிலையில் வைத்திருந்து இணைப்பு வந்ததும் அனுப்பும் வசதி தேவை. இது இல்லாத செயலியைப் பணியாளர்கள் ஒரு வாரத்தில் கைவிடுவார்கள்.

கைவிரல் சிதைந்து வருவோரை அடிக்கடி பார்க்கும் இந்தப் பகுதியில் இன்னொரு தேவையும் உண்டு. பல்லடத்திலோ சோமனூரிலோ விசைத்தறியில் விரல் மாட்டிக்கொண்டவரை முதலில் பார்க்கும் மருத்துவர், கோயம்புத்தூரில் உள்ள கை அறுவை மருத்துவருக்குக் காயத்தின் படத்தையும் எக்ஸ்ரேயையும் முன்கூட்டியே அனுப்புகிறார். விரலை இணைக்க முடியுமா என்பதை அங்கே தியேட்டர் தயாராகும் முன்பே யோசிக்க அது உதவுகிறது. உயிரோட்டமுள்ள இந்த வழக்கத்தைத் தடை செய்வது அறிவாகாது. மருத்துவமனையின் பெயரில் ஒரு பெறும் வழியை அமைத்து, வந்த படங்களை நோயாளி பதிவானதும் அவர் எண்ணுக்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும்.

எண்டோஸ்கோபி அறையின் சிக்கல் வேறு. ஒருவருக்கு முடித்துவிட்டு அடுத்தவரைப் படுக்க வைக்கும்போது, திரையில் முன்னவரின் பெயர் அப்படியே இருந்துவிடும்; இரண்டாமவரின் முதல் சில படங்கள் முதலாமவரின் பதிவில் சேர்ந்துவிடும். குழாயை வெளியே எடுத்தவுடன் பதிவை முடிப்பதும், அடுத்தவர் பெயரைத் தேர்ந்தெடுத்த பின்பே குழாயைக் கருவியில் இணைப்பதும் உதவிச் செவிலியரின் வேலையாகப் பெயர் குறித்து ஒப்படைக்கப்பட வேண்டும். கருவியின் கடிகாரத்தையும் மருத்துவமனை சர்வரின் நேரத்தோடு இணைத்துவிட வேண்டும். அரை மணி பிந்திய கடிகாரம் உள்ள கருவியின் படங்களை வரிசைப்படுத்தி எந்தப் பிழையையும் கண்டறிய முடியாது. முழு வீடியோவையும் சேமிப்பதா என்று கேட்பார்கள். நிலைப்படங்கள் எல்லாருக்கும், குறிப்பிடத்தக்க இடத்தில் சிறு காட்சித்துண்டு, முழு வீடியோ நோயாளியின் தனி ஒப்புதலோடு கற்பித்தலுக்கு மட்டும் என்பது என் பரிந்துரை.

கண் பிரிவில் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு தனித்தீவாக இருக்கும். வலது கண், இடது கண் என்ற குறிப்பு படத்தின் தகவலிலேயே பதிகிறதா, கோப்பின் பெயரில் மட்டும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கோப்பின் பெயரை யாரும் மாற்றிவிடலாம். எக்கோவில் எடுத்த அளவுகளைக் கையால் மறுபடி தட்டச்சு செய்யாமல் கருவியிலிருந்தே அறிக்கைக்குக் கொண்டுவரும் வசதியைக் கேட்டு வாங்கிவிட்டால் இதயப் பிரிவில் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நோய்க்குறியியலில் எண் நோயாளிக்கு உரியதாக இருந்தால் மட்டும் போதாது. திசுவுக்கும், அதை மெழுகில் பதித்துச் செய்த கட்டிக்கும், அந்த மெழுகுக் கட்டியிலிருந்து வெட்டிக் கண்ணாடியில் ஏற்றிய சில்லுக்கும் (ஸ்லைடு) கிளை எண்கள் வேண்டும். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஆய்வகத்தில் இல்லை. தியேட்டரில் திசுவை ஃபார்மலின் டப்பாவில் போடும் இடத்தில் இருக்கிறது. டப்பாவின் மூடியில் ஒட்டாமல் பக்கவாட்டில் பார்கோடு ஒட்ட வேண்டும் என்பது போன்ற சிறு விதிகளே அங்கே பெரிது. மூடிகள் இடம் மாறும்.

பொள்ளாச்சி, கோபி, தாராபுரம், உதகை, வால்பாறை என்று வெளியூர்களிலிருந்து வருவோர் பழைய ஸ்கேன்களைப் பிலிமாகவும் குறுந்தட்டாகவும் பையில் கொண்டுவருகிறார்கள். அவற்றைச் சேர்ப்பதற்கு ஒரு கவுண்டர் வேண்டும். வெளிப்படத்தில் உள்ள பழைய எண்ணை அழித்துவிடாமல் குறிப்பாக வைத்துக்கொண்டு, நம் நோயாளி எண்ணையும் புதிய கோரிக்கை எண்ணையும் கொடுத்து, வெளியிலிருந்து வந்தது என்ற அடையாளத்துடன் ஏற்ற வேண்டும். காப்பீட்டு அனுமதிக்காகப் படம் அனுப்ப வேண்டிய பணியாளருக்கும் சேமிப்பகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையான அனுமதி தரப்பட வேண்டும். தராவிட்டால், திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வேலை நடக்கும்.

சட்டம் தொடும் இடங்கள்

அல்ட்ராசவுண்ட் கருவி எந்தத் துறையில் இருந்தாலும், கையடக்கமானதாக இருந்தாலும், 1994 ஆம் ஆண்டின் கருவின் பாலினம் அறிதலைத் தடுக்கும் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். விபத்துப் பிரிவுக்கு ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒன்று என்று வாங்கும் முன்பே இதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிக்குச் செய்யும் ஸ்கேனுக்கான படிவம் எஃப் உள்ளிட்ட ஆவணங்களை 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் 2002 ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகள் கூறுகின்றன. அந்த 72 மணி நேரத்துக்குள் காயப் படங்களையும் எண்டோஸ்கோபிப் படங்களையும் சேர்த்துத் தர முடியுமா என்று ஒரு நோயாளியின் பதிவை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் ஏறும் போலீஸ் வழக்குகளின் படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63 ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது இணைக்கும் சான்றிதழில், கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். எனவே மூலப் படத்தை வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ கூடாது. திருத்தம் தேவையானால் நகலில் செய்ய வேண்டும்.

ஒப்புதல் பற்றி ஒரு சொல். சிகிச்சைக்காகப் படம் எடுப்பதற்கான ஒப்புதலும், கற்பித்தலுக்கோ இதழில் வெளியிடவோ பயன்படுத்துவதற்கான ஒப்புதலும் வேறு வேறு. ஒரே கையெழுத்தில் இரண்டையும் வாங்குவது நேர்மையன்று. படிவம் தமிழில் இருக்க வேண்டும். திருப்பூர்ப் பக்கம் இந்தியிலும் ஒடியாவிலும் தேவைப்படும். மார்பகம், பிறப்புறுப்பு, குழந்தைகள் மீதான வன்கொடுமை ஆகியவை பற்றிய படங்கள், சிகிச்சையளிக்கும் குழுவைத் தவிர வேறு யார் திறந்தாலும் காரணம் கேட்டுப் பதிவு செய்யும்படி பூட்டப்பட வேண்டும்.

இடக் கணக்கு

சேமிப்பகத்தின் அளவை விற்பனையாளர் சொல்லக் கேட்பதைவிட நாமே பெருக்கிப் பார்ப்பது நல்லது. ஒரு சி.டி. துண்டம் 512 × 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். அதாவது ஏறத்தாழ அரை மெகாபைட். 600 துண்டங்கள் உள்ள ஒரு ஸ்கேன் 300 மெகாபைட். நாளுக்கு 40 ஸ்கேன் என்றால் 12 ஜிகாபைட். நோய்க்குறியியல் சில்லை முழுமையாக ஸ்கேன் செய்யும்போது கணக்கே மாறிவிடும்: ஒரு புள்ளி கால் மைக்ரான் என்றால், 15 மில்லிமீட்டர் சதுரத் திசுவுக்கு 60,000 × 60,000 புள்ளிகள்; வண்ணத்துக்கு மும்மடங்கு; சுருக்குவதற்கு முன் ஒரே சில்லு 10 ஜிகாபைட்டைத் தாண்டும். காயப் படம் ஒன்று சில மெகாபைட்தான். ஆகவே எல்லாத் துறைக்கும் ஒரே கணக்கைப் போடாமல், நோய்க்குறியியலுக்கு மட்டும் தனி அடுக்கு, தனி நெட்வொர்க் வழி, தனிப் பாதுகாப்புக் காலம் என்று பிரித்து வைக்க வேண்டும்.

தொடங்குதல்

முதலில் எந்தத் துறை என்று கேட்டால் கட்டுக் கட்டும் அறை என்பேன். தேவை அங்கே மிகுதி, செலவு குறைவு, பலன் ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும். ஒரு மூத்த செவிலியர், ஒரு ரேடியோகிராபர், மருத்துவப் பதிவுப் பிரிவினர் ஒருவர், கணினிப் பிரிவினர் ஒருவர், உயிர்மருத்துவப் பொறியாளர் ஒருவர் என்று ஐந்து பேர் கொண்ட குழு போதும். செவிலியர் இல்லாத குழுவை மட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது. "இதுக்குன்னு இன்னொரு வேலைங்களா?" என்று ஒரு வார்டில் என்னைக் கேட்டார்கள். பழைய முறைக்கு எத்தனை நிமிடம், புதிய முறைக்கு எத்தனை நிமிடம் என்று அவர்கள் முன்னிலையிலேயே கடிகாரம் வைத்து அளந்து காட்டுவதே அதற்கான விடை. புதிய முறை அதிக நேரம் எடுத்தால் திருத்த வேண்டியது முறையைத்தான்.

சர்வர் நின்றுபோகும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். வொர்க்லிஸ்ட் வராதபோது கருவியில் கையால் பதிவிட வேண்டிய விவரங்களை ஓர் அச்சிட்ட தாளில் எழுதிக் கருவியின் அருகிலேயே ஒட்டி வைப்பதும், அன்று எடுத்த படங்களை மறுநாள் காலையில் சரியான கோரிக்கையோடு பொருத்தும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பதும் அதில் அடங்கும்.

முதல் வாரம் முழுவதும் குழுவில் ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். நாள்தோறும் மாலையில் உரியவர் யாரென்று தெரியாமல் சேமிப்பகத்தில் நிற்கும் படங்களை எண்ணி, ஒவ்வொன்றும் எப்படி அநாதையானது என்பதை எழுதி, அன்றே உரியவரிடம் சேர்க்க வேண்டும். அந்த எண்ணிக்கை தொடர்ந்து நான்கு வாரங்கள் பூச்சியமாக நின்ற பிறகு எண்டோஸ்கோபி அறைக்குப் போகலாம்.